அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஒவ்வொரு ஜூன் 26-ம் தேதியும் எங்கள் கடைத்தெரு வழியாக ஒரு ஊர்வலம் போகும். 1987-ல் ஐ.நா. சபை அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாள் அது. பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் பதாகையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பதாகையில் ஒரு மண்டை ஓடு, ஒரு ஊசி, ஒரு கஞ்சா இலை, ஒரு மது பாட்டில், ஒரு சிகரெட். எல்லாம் ஒரே வட்டத்துக்குள், குறுக்கே சிவப்புக் கோடு.

நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். அந்தப் படத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை. எல்லாமே ஒன்று, எதைத் தொட்டாலும் செத்துப்போவாய் என்று அது சொல்கிறது. கேட்கிற பையனுக்கு ஏற்கெனவே கஞ்சா அடிக்கிற நண்பன் ஒருவன் இருப்பான். அந்த நண்பன் சாகவில்லை, பரீட்சையில்கூடத் தேறியிருக்கிறான். அப்போது இவன் என்ன முடிவுக்கு வருவான்? பெரியவர்கள் சொல்வது எல்லாமே கதை என்று. அப்புறம் ஒருநாள் அதே நண்பர் கூட்டத்தில் மாத்திரை வரும்போது அதையும் கதை என்றே நினைப்பான். கஞ்சா செய்யும் கேடு வேறு, மாத்திரை செய்யும் கேடு வேறு, சரக்கு செய்யும் கேடு வேறு. எது எப்போது, எப்படிக் கொல்லும் என்பதைப் பிரித்துச் சொல்லாமல் பயமுறுத்துவதால் பயன் இல்லை என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று. அந்தப் பதாகையில் மாத்திரை அட்டையின் படமே இல்லை. இன்றைக்கு எங்கள் பக்கம் இளவட்டங்களிடம் புழங்குவது அதுதான்.

எங்கள் தெருவில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர் ஒருநாள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். மடியிலிருந்து காலி அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

“தம்பி, இது எதுக்கு உள்ள மாத்திரைன்னு பாத்துச் சொல்லு. துவைக்கப் போடயில பய பேண்ட்டுல கெடந்துச்சு.”

அட்டையைத் திருப்பினேன். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயர்தான் விஷயம். டேபென்டடால் என்று இருந்தது.

“வலி மாத்திரைக்கா.”

“அப்பச் சரி. அவன் மூட்டை தூக்குற வேலைக்குத்தான போறான், ஒடம்பு வலிக்கத்தான் செய்யும். நான் என்னமோன்னு பயந்துட்டேன்.”

அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டியிருந்தது. வலி மாத்திரை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு ஜாதி மருந்துகள் இருக்கின்றன என்பதை அவருக்கு எப்படி விளக்கினேனோ, அப்படியே இங்கேயும் சொல்கிறேன். பாரசிட்டமால், டைக்குளோஃபினாக், அசிக்குளோஃபினாக் எல்லாம் ஒரு பக்கம். இவற்றை அளவு மீறிப் போட்டால் ஈரல் போகும், கிட்னி போகும், வயிறு புண்ணாகும். ஆனால் போதை வராது. இன்னொரு பக்கம் அபின் வழி வந்த மருந்துகளும், அவற்றைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மருந்துகளும். மார்ஃபின், கோடீன், டிரமடால், டேபென்டடால். இவை அடிபட்ட இடத்தில் வேலை செய்வதைவிட மூளையிலும் தண்டுவடத்திலும்தான் அதிகம் வேலை செய்கின்றன. வலி இருக்கும், ஆனால் வலிக்கிறது என்ற தகவலை மூளை பொருட்படுத்தாது. கூடவே ஒரு சுகமும் தரும். அந்தச் சுகத்துக்குத்தான் விலை.

இந்த அபின் குடும்பத்து மருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வருவது வேடிக்கையாக இருக்கும். 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாகக் கடையில் விற்றது. மார்ஃபினைப் போல இது பழக்கமாகாது என்பது அப்போதைய பேச்சு. 1977-ல் ஜெர்மனியின் இன்னொரு கம்பெனியான குருனென்தால் டிரமடாலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதுவும் மற்றவை போல அடிமையாக்காது என்று டாக்டர்களே நெடுநாள் நம்பினார்கள். (கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் ஊனமாகப் பிறக்கக் காரணமான தாலிடோமைடைக் கண்டுபிடித்து விற்றதும் இதே குருனென்தால்தான்.) பிறகு அதே கம்பெனியிலிருந்து டேபென்டடால். நம் நாட்டில் ஸ்பாஸ்மோ பிராக்ஸிவான் என்ற வயிற்றுவலி மாத்திரையில் இருந்த டெக்ஸ்ட்ரோபிராபாக்ஸிபீனும் இந்தக் குடும்பம்தான். வடகிழக்கு மாநிலங்களில் அதை ஊசியில் ஏற்றிக் கை கால் அழுகிப்போனவர்கள் பலர். 2013-ல் அந்த மருந்துக்கு மத்திய அரசு தடை போட்டது. 2018-ல் டிரமடாலை 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். டேபென்டடாலை அப்போது சேர்க்கவில்லை. சந்தை அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஒரு கதவைப் பூட்டினால் கூட்டம் பக்கத்துக் கதவுக்குப் போகும் என்பது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2025 பிப்ரவரியில் டேபென்டடாலையும் காரிசோப்ரோடால் என்ற தசை தளர்த்தும் மருந்தையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துச் செய்வதையும் ஏற்றுமதி செய்வதையும் மத்திய அரசு நிறுத்தியது. மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் இந்திய மாத்திரைகள் கொட்டிக் கிடப்பது செய்தியில் அம்பலமான பிறகு.

சரி, இவை எப்படிக் கொல்கின்றன? இதயத்தை நிறுத்தி அல்ல, முதலில் மூச்சை நிறுத்தி. நாம் தூங்கும்போதும் மூச்சு விடுகிறோம் என்றால், ரத்தத்தில் கரியமில வாயு கூடியதும் மூளைத்தண்டு “இழு” என்று உத்தரவு போடுவதால்தான். அபின் குடும்ப மருந்துகள் அந்த உத்தரவை மங்கச் செய்துவிடும். கரியமில வாயு கூடிக்கொண்டே போகும், மூளைத்தண்டு கண்டுகொள்ளாது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீளும். சாகிறவனுக்குத் திணறலே தெரியாது. அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிவதில்லை. “மச்சான் நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறான், விடு” என்று படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குறட்டை பல நேரம் குறட்டை அல்ல, தொண்டை தளர்ந்து காற்று சிக்குகிற சத்தம்.

எனவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன, தொண்டையில் களகளவென்று சத்தம் வருகிறது. இதில் எதைப் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வருகிற வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் அதை 108-ல் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லித் தருவார்கள். மோரைக் கொடுப்பது, எலுமிச்சை பிழிந்து வாயில் ஊற்றுவது எல்லாம் கூடவே கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பத்திரியில் “ஏதோ ஃபுட் பாய்சன் சார்” என்று மழுப்பாதீர்கள். என்ன மாத்திரை என்று சொல்லி அட்டையைக் கொடுங்கள். நலாக்சோன் என்று ஒரு முறிமருந்து இருக்கிறது. உரிய நேரத்தில் ஊசி போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை ஒரு மணி நேரத்துக்கு முன்பின்தான் நிற்கும், மாத்திரையின் வேலை அதற்கு மேலும் நீடிக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப்போனால் மறுபடி விழுவான்.

டிரமடாலில் இன்னொரு வில்லங்கம், வலிப்பு. அளவு கூடினால் முன்பின் வலிப்பே வராதவனுக்கும் வரும். இன்னொன்றும் இருக்கிறது. டிரமடாலை ஈரல்தான் இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகிறது. அதைச் செய்யும் நொதி ஆளுக்கு ஆள் பிறவியிலேயே கூடும், குறையும். ஒரே அட்டையை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டு, ஒருவன் “ஒண்ணுமே ஏறலடா” என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது மற்றவன் மயங்கிக் கிடக்கலாம். அனுபவசாலி நண்பன் சொல்லும் அளவு அவன் உடம்புக்கான அளவு.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. மாத்திரை என்று நாம் கையில் வாங்குவது முழுக்க மருந்து அல்ல. உருட்டுக் கட்ட மாவு, மரநார்த் தூள், மெஷினில் ஒட்டாமல் இருக்க டால்க், மெக்னீசியம் ஸ்டியரேட். வயிற்றுக்குள் போனால் இவை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் இவை கரையவே கரையாது. நரம்பில் ஏற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய், அங்குள்ள முடியளவு ரத்தக்குழாய்களில், வடிகட்டியில் டீத்தூள் தங்குவதுபோலத் தங்கிவிடும். சில மாதங்களில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏற்றிய இடத்தில் நரம்பு கயிறுபோலக் கெட்டித்துப் போகும், சீழ் வைக்கும். கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்தால் இருபது வயதில் வால்வு ஆபரேஷன். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. இதில் எதுவும் அந்த மருந்தின் குணம் அல்ல, அதை உடம்புக்குள் அனுப்பிய வழியின் விளைவு. மாத்திரையாகவே விழுங்குகிறவன் இவற்றிலிருந்து தப்புவான், மூச்சு விஷயத்தில் தப்ப மாட்டான்.

அதிகம் பேசப்படாத ஒன்று, சாவு பெரும்பாலும் எப்போது நேர்கிறது என்பது. தினமும் போடுகிறவனின் உடம்பு மெல்ல மெல்லத் தாங்கப் பழகிக்கொள்ளும். முன்பு ஒன்றில் வந்தது இப்போது நான்கில்தான் வரும். அவன் ஜெயிலுக்குப் போகிறான், அல்லது மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருக்கிறான், அல்லது மாமா ஊரில் கொண்டுபோய் வைக்கிறார்கள். உடம்பு பழையபடி ஆகிவிடும். மனசு ஆகாது. திரும்பி வந்த முதல் வாரத்தில் பழைய கூட்டத்தைப் பார்த்து, பழைய அளவையே போடுகிறான். அந்த அளவு இப்போது அவனுக்குக் கொல்லும் அளவு. மறுவாழ்வு மையத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்து “எல்லாம் முடிஞ்சுது” என்று கிடா வெட்டுகிற குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை.

இனி, நான் பார்க்கிற இன்னொரு பழக்கம். இதற்கு யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. பைக்குள் நான்காக மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டு. சீட்டில் இருக்கிற டாக்டர் கிளினிக்கை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. “அந்தத் தூக்க மாத்திரை ஒரு அட்டை குடுப்பா. அது இல்லாட்டி ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு இருக்கேன்.” அல்பிரசோலம். மனைவி இறந்த சமயத்தில் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. விட முடியவில்லை. விடப் பார்த்த அன்றைக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது, கை நடுங்கியது. அதை அவர் “என் வியாதி” என்று நினைக்கிறார். அது மாத்திரை இல்லாததால் வந்த நடுக்கம்.

அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம், நைட்ராசிபாம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கச் செய்பவை. சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். பழகியதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் கண்டுபிடித்துப் பிடுங்கிக் குப்பையில் வீசுவது தப்பு. டாக்டர் வழியாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த முடியும். அபின் குடும்பத்தில் கதை தலைகீழ். அவற்றை விட்டால் கொட்டாவி, மூக்கில் தண்ணி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, “ஒடம்ப முறுக்குது” என்று துடிப்பான், இரண்டு மூன்று நாள் நரகம், ஆனால் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. சத்தமில்லாத தூக்க மாத்திரையையும், நாலு பேர் பார்க்கக் குடிக்கும் சரக்கையும் விடுவதுதான் உயிரோடு விளையாட்டு. எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலாவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

தூக்க மாத்திரையும் சரக்கும் மூளையில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. தனித்தனியாகத் தாங்குகிற அளவு, சேர்ந்தால் தாங்காது. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் மூச்சை நிறுத்த மூன்று ஆள். போதையால் சாகிறவர்களில் பலரும் சாவது ஒரு பொருளால் அல்ல, கலப்பால்.

எங்கள் தரப்பையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஷெட்யூல் எச் ஒன் என்று ஒரு பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், நைட்ராசிபாம், டிரமடால் எல்லாம் அதில் அடக்கம். விற்றால் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். போதைச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து என்றால் சிவப்பில் என்ஆர்எக்ஸ் (NRx) என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் காலி அட்டை கிடைத்தால் அந்தச் சிவப்பைத் தேடுங்கள். சிவப்பு இல்லையென்றாலும் நிம்மதி அடையாமல் ரசாயனப் பெயரைக் கொண்டுபோய் தெரிந்த மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

சட்டம் சரி. ராத்திரி கடை அடைக்கிற நேரம் மூன்று பேர் ஒரே பைக்கில் வந்து, வண்டியை ஆஃப் பண்ணாமலே, “அண்ணே, அந்த வலி மாத்திரை ரெண்டு அட்டை” என்று கேட்கும்போது, கடையில் நானும் உதவிக்கு இருக்கிற பொண்ணும் மட்டும்தான். சீட்டு கேட்டால் முறைப்பார்கள். மாத்திரை தராததற்காகக் கடைக்காரர்களை வெட்டிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். நான் இப்போது அந்த மாத்திரையையே வாங்கி வைப்பதில்லை. “ஸ்டாக் இல்லப்பா” என்பது பொய்யில்லாத, சண்டையில்லாத பதில். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் வேறு ஆள். புற்றுநோய் முற்றிய மனைவிக்கு மருந்து தேடி ஒருவர் உண்மையான சீட்டோடு கடை கடையாக ஏறி இறங்கும்போது எல்லாக் கடையிலும் ஸ்டாக் இல்லை. 1985-ம் வருடச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் மார்ஃபின் கிடைப்பதே அருமையாகிப்போனது. லைசென்ஸ் மேல் லைசென்ஸ் கேட்டார்கள். வலி தணிப்புச் சிகிச்சைக்காகப் பல வருடம் போராடிய கேரளத்தின் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்களின் முயற்சியால் 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் காகிதத்தில் வந்துவிட்டது, கடைக்காரனின் பயம் போகவில்லை. ஒருபக்கம் கூரியரில் பெட்டி பெட்டியாக மாத்திரை வந்து இறங்குகிறது, இன்னொரு பக்கம் கேன்சர் வார்டில் வலிக்கு மருந்து இல்லை.

குடியைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதுவது கடலில் பெருங்காயம் கரைப்பது. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது, 2023-24-ல் டாஸ்மாக் தந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நான் ஒரே ஒரு கணக்கு மட்டும் போடுகிறேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் சுமார் 60 கிராம். நல்ல ஈரல் மணிக்கு எட்டுப் பத்து கிராம்தான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவன் விடிகாலை நாலு மணிக்கு லாரி எடுக்கும்போது போதை தெளிந்துவிட்டதாக நினைப்பான். ரத்தத்துக்குத் தெளிந்திருக்காது. மோர், எலுமிச்சை, குளியல் எதனாலும் ஈரலின் வேகத்தைக் கூட்ட முடியாது.

பெண்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்கும் மருந்து ஒன்று உண்டு. “அண்ணா, அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்தா குடிய விட்டுருவாங்களாமே, அந்த மாத்திரை இருக்கா?” டைசல்ஃபிராம். ஆல்கஹால் உடம்பில் உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகும், பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். அந்த இரண்டாவது படியை இந்த மாத்திரை அடைத்துவிடும். குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி பிடுங்கும், ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே கடைசியாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். தான் இதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, “குடித்தால் செத்தோம்” என்ற பயத்தோடு ஒருவர் சம்மதித்துச் சாப்பிட்டால்தான் இது மருந்து. தெரியாமல் கலந்தால் விஷம். கேட்கிறவரின் கழுத்தில் தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும், நகை எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. இல்லை என்று சொல்லி அனுப்புவது எளிதாக இல்லை.

கார்த்திகை பிறந்தால் மாலை போடுவார்கள். ஒரு மண்டலம் குடி கிடையாது. பாதிப் பேருக்கு வருடத்தில் ஈரலுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை அதுதான், நல்ல விஷயம். ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் போட வேண்டியிருக்கிற நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாமியை நம்பி ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் வேர்த்துக் கொட்டும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார்கள், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பு வரும். வீட்டில் சாமி குத்தம் என்று பரிகாரம் செய்துகொண்டிருப்பார்கள். அது டெலீரியம் ட்ரெமென்ஸ், ஐ.சி.யூ.வில் பார்க்க வேண்டிய நோய். மாலை போடும் முன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போட்டால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயம் என்றுதான் எல்லோரும் எழுதினோம். கொன்றது மெத்தனால், குடிக்கிற ஆல்கஹாலைப் போலவே இருக்கும் விஷ ஆல்கஹால். நாக்குக்கும் மூக்குக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஈரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்து அரை நாள் வரைகூட ஒன்றும் தெரியாது, அதனால்தான் மறுபடியும் குடிக்கிறார்கள். சாராயம் குடித்தவர் “கண்ணுக்குப் பனிமூட்டமாத் தெரியுது” என்று சொன்னால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

கஞ்சாவுக்கு வருகிறேன். பதாகையில் நடுநாயகமாக இருக்கிற இலை அது. சட்டம் அந்த இலையைக் கஞ்சா என்றே சொல்லவில்லை. பூவும் காயும் சேர்ந்த கொண்டையைத்தான் சொல்கிறது, வடக்கே கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை அரசு உரிமம் பெற்ற கடையில் விற்பது அந்த ஓட்டையில்தான். கஞ்சாவை மட்டும் அதிகமாக இழுத்து மூச்சு நின்று செத்தவரைக் காண்பது அரிது, ஏனென்றால் மூளைத்தண்டின் மூச்சு மையத்தில் அதற்குப் பெரிய பிடிமானம் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒளிக்காமல் சொன்னால்தான் அடுத்ததையும் கேட்பார்கள். மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது ஆகும். பள்ளி வயதில் தொடங்கியவர்களில் சுமார் ஆறில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்பதும், எல்லோரும் தன்னைத் துரத்துவதாகத் தோன்றுவதும் சீக்கிரமாகவே வரலாம், வந்தது போகாமலும் இருக்கலாம். நெடுநாள் இழுத்தவர்களுக்கு ஓயாத வாந்தி வரும் நோய் ஒன்று உண்டு, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணியும். காரணம் தெரியாமல் எண்டோஸ்கோப்பி வரை போவார்கள்.

பள்ளிக்கூடப் பையன்கள் உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தில் இருப்பது நிகோடின்தான், கொல்ல இருபது வருடம் எடுத்துக்கொள்ளும். அதைவிட எனக்குப் பயம் வைட்னர், பஞ்சர் ஒட்டும் பசை போன்றவற்றை முகர்வது. அந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, முதல் முறையிலேயேகூட ஆளைச் சாய்த்துவிடும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. அதில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் இருந்த ஒரே போதை இந்த முகரும் வகைதான். கொஞ்சக் காசுக்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற ஒன்றுக்கு எந்தச் சட்டம் போட?

அதே கணக்கெடுப்பில் வேறொரு விவரமும் உண்டு. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற போதைகளில் 20 பேருக்கு ஒருவர். வெட்கம் ஒரு காரணம், போலீஸ் பயம் இன்னொன்று. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவில் பிடிபட்டு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து காக்கிறது. பல வக்கீல்களே இதைச் சொல்வதில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன், பின்னாளில் டி.டி.கே. ஆஸ்பத்திரியாக வளர்ந்த குடிநோய் சிகிச்சை மையத்தை 1980-ல் தொடங்கியபோது குடிநோய் என்ற சொல்லையே யாரும் ஏற்கவில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவிலேயே சிகிச்சை கிடைக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், குடும்பத்தாரும் கேட்கலாம். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் 14416.

ஊசி பழகியவர்களுக்கு அரசே புப்ரினார்ஃபின் மாத்திரையை இலவசமாகத் தருகிறது. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கேட்பார்கள். அதுவும் அபின் குடும்பம்தான், ஆனால் ஓரளவுக்கு மேல் அதன் விளைவு ஏறாது, அதனால் மூச்சை அடக்கும் அபாயம் மற்றவற்றைவிடக் குறைவு. உடம்பு முறுக்காது, தேடி அலைய வேண்டாம், வேலைக்குப் போகலாம். ஆதாரம் உள்ள வைத்தியம் இது. சிக்கல் வேறு இடத்தில். மையத்துக்கு நேரில் போய், நாக்குக்கு அடியில் வைத்து, கரைகிற வரை நர்ஸ் எதிரிலேயே உட்கார வேண்டும், அதுவும் தினமும். கொரோனா காலத்தில் சில நாளுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்ப வழி செய்தார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. எட்டு மணிக்கு மார்க்கெட்டில் லோடு இறக்கப் போகிற பையன், ஒன்பது மணிக்கு மேல் திறக்கிற மையத்துக்கு எந்த முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவான்? காலை ஆறு மணிக்கு டாக்டர் இல்லாமல் நர்ஸை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் திறந்தால்கூடப் போதும் என்று, நான் பார்க்கிற சுகாதாரத்துறை ஆட்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.